மருத்துவர் ஆலோசனைக்கு எதிராக

அந்தப் படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டபோது மாலை நாலு மணி இருக்கும். 2019, ஆவணி மாதம். ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரே ஒரு தாள். மருத்துவர்களின் ஆலோசனைக்கு எதிராக, எங்கள் சொந்தப் பொறுப்பில் நோயாளியை அழைத்துச் செல்கிறோம், பின்விளைவு எதற்கும் மருத்துவமனை பொறுப்பல்ல என்று அதில் இருந்தது. கீழே அப்பாவின் பெயர், வயது 74, படுக்கை எண். அதற்கும் கீழே உறவுமுறை என்று ஒரு கோடு. மகன் என்று எழுதினேன்.

அந்தத் தாளில் இருந்தது பொய். வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்று சொன்னதே மருத்துவர்தான். அரை மணி நேரம் முன்னால் அக்காவையும் என்னையும் தன் அறையில் உட்கார வைத்து, "இனி அவர் எந்திரிக்க மாட்டாரு தம்பி. மூச்சு மெஷின்லதான் ஓடுது. நாங்களா அதை நிறுத்த முடியாது, சட்டம் விடாது. நீங்க எழுதிக் குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போனா, வீட்ல வச்சு நிம்மதியாப் போயிருவாரு" என்றார். அவர் மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை. பதினோரு நாளில் எங்களிடம் உண்மையைச் சொன்ன முதல் ஆள் அவர். ஆனால் அந்த உண்மையைத் தாளில் எழுத அவரால் முடியவில்லை. அதனால் நான் பொய்யில் கையெழுத்துப் போட்டேன். வைத்தியம் வேண்டாம் என்று அப்பாவை நான் இழுத்துக்கொண்டு போனதாக ஒரு பதிவு, மதுரையில் ஏதோ ஓர் அறையில் ஏதோ ஒரு கட்டுக்குள் இன்னும் கிடக்கலாம்.

அப்பா நூற்பாலையில் வேலை பார்த்தவர். அறுந்த இழையைப் பார்க்காமலே விரலால் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுவார். ஓய்வு பெற்ற பிறகும் கட்டிலில் உட்கார்ந்தபடி பெருவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ திரித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் விடியற்காலையில் குளியலறையில் விழுந்தார். மூளையில் ரத்தக் கசிவு. விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து மதுரைக்குக் கொண்டு போனோம். அறுவை சிகிச்சை, அப்புறம் வென்டிலேட்டர். முதல் இரண்டு நாள் கை லேசாக அசைந்தது. அந்தக் கை நேராக வாயில் இருந்த குழாயைத்தான் தேடிப் போனது. அதனால் இரண்டு மணிக்கட்டையும் பேண்டேஜ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டி வைத்திருந்தார்கள். நாளைக்கு இரண்டு தடவை, ஐந்து ஐந்து நிமிடம் பார்க்க விடுவார்கள். கட்டியிருந்த கையின் விரல்கள் திரித்துக்கொண்டிருந்தன. மூன்றாம் நாள் அதுவும் நின்றது.

வெளியே காத்திருப்புக் கூடத்தில் பாய், தண்ணீர் கேன், பிளாஸ்க், செருப்புகள். அங்கே இருந்த ஒவ்வொரு குடும்பமும் ஒரே கேள்வியோடுதான் உட்கார்ந்திருந்தது. யாரும் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டால், பெற்றவரைக் கொல்லப் பார்க்கிறான் என்று ஆகிவிடும் இல்லையா? தமிழில் இதற்கு நாம் வைத்திருக்கும் சொல்லே அப்படி. கருணைக்கொலை. இரக்கத்தில் தொடங்கி, வாய் மூடுவதற்குள் கொலையில் வந்து முடிகிறது. மருத்துவம் இனிப் பயன் தராது என்று தெரிந்த பிறகு கருவியை எடுப்பதும், ஊசி போட்டு உயிரை எடுப்பதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் பேசவே பயப்படுகிறோம்.

ஆம்புலன்ஸில் அப்பாவின் தலைமாட்டில் இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். வாயிலிருந்த குழாயின் முனையில் ரப்பர் பை ஒன்றை மாட்டி, கையால் அழுத்தி அழுத்தி மூச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல். கை மாற்றும்போதுகூட ஒரு அழுத்து தவறவில்லை. நாலு வழிச்சாலையில் சுங்கச்சாவடிக்கு முன்னால் வண்டி நின்றபோது, அந்தப் பையின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

வீட்டில் திண்ணையை ஒட்டிய அறையில் கிடத்தினோம். சொந்தக்காரர்கள் பால் ஊற்ற வரிசையாக வந்தார்கள். சித்தப்பா முதலில். அம்மா சங்கில் பால் கொண்டு வந்தாள், எங்கள் இருவருக்கும் குழந்தையில் பால் புகட்டிய அதே சங்கு. குழாய் வாயை அடைத்துக்கொண்டிருந்ததால் பால் உள்ளே போகவே இல்லை. கடைவாய் வழியாக வழிந்து கழுத்தில் இறங்கியது. அம்மா முந்தானையால் துடைத்தாள். மறுபடி ஊற்றினாள். மறுபடி வழிந்தது. அந்தப் பையன் என் பக்கம் திரும்பி, "எடுத்துரட்டுமாண்ணே?" என்றான்.

நான் தலையாட்டினேன். சட்டம், மருத்துவமனை, நீதிமன்றம் எல்லாம் யோசித்துத் தீர்மானிக்க வேண்டிய ஒன்றை, அந்தப் பையனும் நானும் ஐந்து நொடியில் தீர்மானித்தோம். அவன் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

'சட்டம் விடாது' என்ற சொல் மட்டும் எனக்குள் தங்கிவிட்டது. காரியம் முடிந்த பிறகு தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் தெரிந்தது, சட்டம் ஒன்றரை வருடத்துக்கு முன்னாலேயே அனுமதித்திருந்தது. 2018 மார்ச் 9 அன்று, 'காமன் காஸ்' என்ற அமைப்பு 2005-இல் போட்ட வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. கண்ணியத்தோடு சாவதும் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும். மீளவே முடியாத நிலையில் உயிர்காப்புக் கருவிகளை விலக்கலாம். சுயநினைவோடு இருக்கும்போதே ஒருவர் தன் விருப்பத்தை எழுதியும் வைக்கலாம். அதைத்தான் லிவிங் வில் என்கிறார்கள்.

ஆனால் அதற்குச் சொன்ன வழிமுறையைப் படித்தபோது, எங்கள் மருத்துவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று புரிந்துவிட்டது. முதலில் மருத்துவமனைக்குள் ஒரு குழு. அதில் சிகிச்சை தரும் துறையின் தலைவரோடு குறைந்தது 20 வருட அனுபவமுள்ள மூன்று நிபுணர்கள் இருக்க வேண்டும். அவர்கள் சரி என்றால் மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் போக வேண்டும். ஆட்சியர், மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி தலைமையில் இரண்டாவது குழு போட வேண்டும். அவர்களும் வந்து பார்த்துச் சரி என்றால், நீதித்துறை நடுவர் ஒருவர் நேரில் மருத்துவமனைக்கு வந்து நோயாளியைப் பார்த்து அனுமதி தர வேண்டும். ஜாதிச் சான்றிதழுக்கே நாள் கணக்கில் அலைகிறவர்கள் நாம். ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்து நாளுக்கு நாள் நகையை அடகு வைக்கிற குடும்பம், ஆட்சியர் குழு போடும் வரை காத்திருக்குமா? அந்தத் தீர்ப்பு வந்த பிறகும் எல்லாரும் செய்தது, அதற்கு முன்னால் செய்ததைத்தான். கையெழுத்து, ஆம்புலன்ஸ், ரப்பர் பை.

2023 ஜனவரி 24 அன்று நீதிமன்றமே இதைத் திருத்தியது. இப்போது இரண்டு குழுவையும் மருத்துவமனையே அமைக்கலாம். நிபுணர்களுக்கு ஐந்து வருட அனுபவம் போதும். இரண்டாவது குழுவில் மாவட்ட மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒருவர் இருப்பார். முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். நடுவருக்குத் தகவல் கொடுத்தால் போதும், அவர் வந்து பார்க்க வேண்டியதில்லை. நாடாளுமன்றம் ஒரு சட்டம் போடும் வரைக்கும் என்றுதான் இந்த நெறிமுறைகளை நீதிமன்றம் வகுத்தது. 2016-இல் ஒரு வரைவு மசோதாவைப் பொதுமக்கள் கருத்துக்கு வைத்தார்கள். அது அப்படியே நின்றுபோனது.

அரசு இதில் நுழையவே கூடாது என்று ஒரு கட்டத்தில் எனக்குக் கோபம் வந்ததுண்டு. அந்த நாட்களில் டெரி ஷைவோவின் கதையைப் படித்துப் படித்து அந்தக் கோபத்தை வளர்த்துக்கொண்டேன்.

அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலம். 1990 பிப்ரவரியில், 26 வயதில், டெரி வீட்டில் மயங்கி விழுந்தார். இதயம் நின்று, மூளைக்கு ஆக்ஸிஜன் போகாமல், மீளாத நிலைக்குப் போய்விட்டார். மூச்சு தானாக இருந்தது. உணவு மட்டும் வயிற்றில் வைத்த குழாய் வழியாக. எட்டு வருடம் கழித்துக் கணவர் மைக்கேல் நீதிமன்றம் போனார். இப்படிக் கிடக்க விரும்ப மாட்டேன் என்று டெரி சொல்லியிருக்கிறார் என்றார் அவர். பெற்றோர் இல்லவே இல்லை என்றார்கள். எங்கள் மகளை எங்களிடம் கொடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். டெரி எதையும் எழுதி வைத்திருக்கவில்லை. நீதிபதி ஜார்ஜ் கிரியர் சாட்சிகளைக் கேட்டு, குழாயை எடுப்பதுதான் டெரியின் விருப்பம் என்று 2000-இல் முடிவு சொன்னார்.

அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். 2003 அக்டோபரில் குழாயை எடுத்த ஆறாவது நாள், மாநிலச் சட்டமன்றம் அந்த ஒரு பெண்ணுக்காகவே ஒரு சட்டம் போட்டது. ஆளுநர் ஜெப் புஷ் உத்தரவிட, குழாயை மறுபடி வைத்தார்கள். அந்தச் சட்டம் செல்லாது என்று ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம் 2004-இல் சொன்னது. 2005 மார்ச் 18 அன்று குழாயை எடுக்க இருந்தபோது, அமெரிக்க நாடாளுமன்றத்தின் குழு ஒன்று டெரிக்கே சம்மன் அனுப்பியது. படுக்கையில் கிடந்த, பேசவே முடியாத அந்தப் பெண்ணுக்கு! நீதிமன்றம் அதற்கு அசையவில்லை. குழாயை எடுத்தார்கள். மூன்று நாள் கழித்து, 21-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி, பிரதிநிதிகள் சபை 203-க்கு 58 என்று ஒரு மசோதாவை நிறைவேற்றியது. அதில் கையெழுத்துப் போடுவதற்காக அதிபர் ஜார்ஜ் புஷ் டெக்சாஸ் பண்ணையிலிருந்து வாஷிங்டனுக்குத் திரும்பியிருந்தார். கூட்டாட்சி நீதிமன்றங்கள் வழக்கைப் பார்த்துவிட்டுக் குழாயை மறுபடி வைக்க மறுத்தன. மார்ச் 31 அன்று டெரி இறந்தார். பிரேதப் பரிசோதனையில் மூளை 615 கிராம் இருந்தது, இருக்க வேண்டியதில் ஏறக்குறைய பாதி.

அந்தப் பெற்றோர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அப்பாவின் விரல் அசைந்த முதல் இரண்டு நாளில் யாராவது வந்து குழாயை எடுக்கிறோம் என்றிருந்தால், நானும் தெருவில் இறங்கிக் கத்தியிருப்பேன். அரசியல்வாதிகள் மேல்தான் கோபம். அவர்களுக்கு டெரியைத் தெரியாது. டெரியின் வழக்கை விசாரித்தவர்கள் நீதிமன்றத்தில் இருந்தார்கள், அவருக்காக அழுதவர்கள் இரண்டு குடும்பத்திலும் இருந்தார்கள். அங்கே போய் வாக்கெடுப்பு நடத்த என்ன இருக்கிறது?

இங்கே நடந்ததை அதோடு வைத்துப் பார்க்கிறேன். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராக இருந்த அருணா ஷான்பாக், 1973 நவம்பரில் அங்கேயே வேலை பார்த்த ஒருவனால் நாய்ச் சங்கிலியால் கழுத்து இறுக்கப்பட்டு, மூளை சேதமாகிக் கிடந்தார். அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்று பத்திரிகையாளர் பிங்கி விரானி 2009-இல் உச்ச நீதிமன்றம் போனார். அந்த மருத்துவமனையின் செவிலியர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. தலைமுறை மாறி மாறி, ஓய்வு பெற்றவர்கள் போய்ப் புதியவர்கள் வந்து, அவரை ஊட்டிக் குளிப்பாட்டிப் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள். 2011 மார்ச் 7 அன்று நீதிமன்றம், அருணாவுக்காகப் பேசும் உரிமை அவர்களுக்குத்தான் என்றது. கோரிக்கையை நிராகரித்தது. அதே தீர்ப்பில்தான், உயர் நீதிமன்ற அனுமதியோடு கருவிகளை விலக்கலாம் என்று இந்தியாவில் முதல் தடவையாக வழியும் திறந்தது. அருணா 2015 மே 18 வரை இருந்தார், நிமோனியாவில் போனார். அந்த 42 வருடத்தை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. அவருக்காக நான் என்ன கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் யாருடைய கை அவரைத் தொட்டதோ அவர்களை நீதிமன்றம் கேட்டது சரி.

அரசு விலகியே நிற்கட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் விருதுநகர் மாவட்டத்துக்காரன். தலைக்கூத்தல் என்றால் என்ன என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். படுத்துவிட்ட கிழவரை விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்துக் கொடுத்தே அனுப்பி வைக்கும் வழக்கம். 2010-இல் எங்கள் மாவட்டத்தில் ஒரு பெரியவர் தன் வீட்டில் நடந்த பேச்சைக் கேட்டுவிட்டுத் தப்பி ஓடியதில்தான் வெளியூர்ப் பத்திரிகைகள் அதைப் பெரிதாக எழுதின. சின்ன வயதில் எங்கள் தெருவிலேயே, "பாட்டிக்குத் தலைக்கு ஊத்தியாச்சு" என்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு யாரும் அழுததாக நினைவில்லை. வேலைக்குப் போக வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, பங்கு பிரிக்க வேண்டும். அன்பாலும் நடந்திருக்கும், அலுப்பாலும் நடந்திருக்கும், நிலத்துக்காகவும் நடந்திருக்கும். அந்தப் பாட்டியிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த இடத்தில் அரசு வந்து கதவைத் தட்டத்தான் வேண்டும். அதனால் இரண்டு குழுவும் சாட்சியும் எனக்கு இப்போது சுமையாகத் தெரியவில்லை. நாற்பத்தெட்டு மணி நேரத்தில் முடியும் என்றால் அது தாங்கக்கூடியதுதான்.

என் ஆதங்கம் வேறு. குழாயை எடுக்கும் அந்த ஒரு நிமிடத்துக்கு இத்தனை சட்டம் யோசித்தவர்கள், அதற்கு முன்னால் வரும் மாதங்களுக்கு எங்கே போனார்கள்? கடும் வலியைத் தணிக்க அபினியிலிருந்து எடுக்கும் மார்ஃபின் மருந்தையே பாருங்கள். மருந்துக்காக அபினிச் செடியை உரிமம் கொடுத்து வளர்க்கும் நாடு இது. ஆனால் 1985-இல் வந்த போதைப் பொருள் சட்டம், புற்றுநோயாளிக்கு ஒரு மாத்திரை கொடுக்கவே பல உரிமங்களைக் கேட்டது. தப்பு நடந்தால் கடுஞ்சிறை. மருத்துவமனைகள் வாங்குவதையே நிறுத்திவிட்டன. கேரளாவின் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் விடாமல் போராடி, 2014-இல்தான் அந்தச் சட்டம் திருந்தியது. இடைப்பட்ட 29 வருடத்தில் வலியில் கத்திச் செத்தவர்கள் எத்தனை பேரோ. அதுவும் சாவுப் படுக்கையில் அரசு நுழைந்ததுதான். கேரளா 2008-லேயே வலி தணிப்புச் சிகிச்சைக்கென்று தனிக் கொள்கை வைத்தது. நம் ஊரில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் வலி தணிப்புச் சேவையும் உண்டு. புற்றுநோயில் படுத்த என் அத்தையைப் பார்க்க ஒரு செவிலியர் அந்தத் திட்டத்தில் ஸ்கூட்டியில் வருவார். புண்ணுக்கு மருந்து கட்டிவிட்டு, தலையணையை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று மாமாவுக்குக் காட்டிக்கொடுப்பார். மாத்திரைக்கு மட்டும் மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. அத்தை கடைசி இரண்டு வாரம் வலி இல்லாமல் இருந்தாள். முறுக்கு கேட்டாள், நனைத்துக் கொடுத்தோம். அரசு அந்த வீட்டுக்குள் வந்ததை நான் மனசாரக் கும்பிடுகிறேன்.

அத்தை போன பிறகு, 2024 தை மாதம், அம்மாவே ஆரம்பித்தாள். "அந்த உயில் உயில்னு படிச்சுட்டு இருந்தியே, எனக்கும் ஒண்ணு எழுது." சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மீள மாட்டேன் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டால் மூச்சு மெஷின் வேண்டாம். நெஞ்சை அமுக்கிப் பிழைக்க வைக்க வேண்டாம். வலி இருந்தால் எந்த ஊசியும் போடலாம், காசு பார்க்க வேண்டாம். கையைக் கட்டக் கூடாது. இதைச் சொல்லும்போது மட்டும் உரிப்பதை நிறுத்தினாள். அப்புறம், "ஒண்ணு விட்டுப்போச்சு. வாயில குழாய் இருந்தா பால் இறங்காது. குழாயை எடுத்துட்டுத்தான் பால் ஊத்தணும்னு எழுது" என்றாள்.

கோர்ட்டுக்கு எதிரில் டைப் அடிக்கும் கடையில் அதை அப்படியே அடித்தார்கள். முடிவெடுக்கும் பொறுப்பு அக்காவுக்கும் எனக்கும். சொந்தமில்லாத இரண்டு சாட்சி, பக்கத்துத் தெரு டீச்சரும் அம்மாவுக்குச் சர்க்கரை பார்க்கும் கம்பவுண்டரும். நோட்டரி ஒவ்வொரு வரியையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டி, புரிந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் முத்திரை வைத்தார். பால் வரி சட்டப்படி தேவையில்லை என்றார். இருக்கட்டும் என்றாள் அம்மா.

ஒரு நகலை உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும் என்பது நெறிமுறை. அதைப் பாதுகாக்க ஓர் அதிகாரி இருக்க வேண்டும். முதல் தடவை போனபோது அப்படி ஒன்றை யாரும் கேள்விப்பட்டதே இல்லை. இரண்டாவது தடவை, சொத்துவரிப் பிரிவில் போய்க் கேளுங்கள் என்றார்கள். மூன்றாவது தடவை தீர்ப்பின் பக்கங்களை நகலெடுத்துக்கொண்டு போனேன். மேசையில் இருந்த அம்மா வயதை ஒட்டிய பெண் ஊழியர் ஒருவர், வாங்கி வைத்துக்கொள்வதாகச் சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது. அந்த வரியை மெல்ல வாய்விட்டுப் படித்தார்.

"இது யாரு சொன்னது?"

"எங்க அம்மாதான்."

இன்னொரு தடவை படித்தார். அப்புறம் மேசை இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்து, மைப்பெட்டியில் இரண்டு தடவை ஒற்றி, என் நகலில் 'பெறப்பட்டது' என்று அழுத்தி வைத்து, தேதி போட்டுக் கொடுத்தார்.